தீர்க்கதரிசி, ஆசாரியர், ராஜா: மூன்றும் ஒரே ஊழியரிடம் இருக்க முடியுமா?

கணக்குப்பிள்ளை_77

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்களுடையது ஒரு சுயாதீன சபை. கட்டட நிதிக் கணக்கை வருடக் கூட்டத்தில் வாசித்துவிடலாமே என்று கமிட்டியில் இரண்டு பேர் கேட்டோம். அன்றைக்குப் பாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பதில் வந்தது. கிறிஸ்துவுக்குத் தீர்க்கதரிசி, ஆசாரியர், ராஜா என்று மூன்று அபிஷேகம் உண்டாம். பரமேறிப் போனபோது அந்த மூன்றையும் பூமியில் தம்முடைய ஊழியக்காரன்மேல் வைத்துவிட்டுப் போனாராம். ஆகையால் ஊழியக்காரனைக் கேள்வி கேட்கிறவன் கிறிஸ்துவையே கேட்கிறானாம். முடிவில் சங்கீதம் 105:15, "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்" என்ற வசனம்.

கணக்கு விவகாரத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அதற்கு இங்கே தீர்ப்புக் கேட்கவில்லை. எனக்கு உபதேசம் தெரியவேண்டும். மூன்று உத்தியோகம் என்பதைச் சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அது இப்படி ஊழியருக்கு இறங்கி வருகிறது என்று எங்கே எழுதியிருக்கிறது?

பாளை வாசகன்

தம்பி, நீங்கள் மனப்பாடம் செய்தது அநேகமாக வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடையின் வழியாக வந்தது. 1647. அதில் 23ஆம் கேள்வி முதல் 26 வரை இதுதான். அதற்கு முன்னால் 1563இல் ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதியில், பிரபு மூன்றாம் பிரெடரிக் எழுதச் சொல்லி வந்த ஹைடெல்பர்க் ஞானோபதேசம் இருக்கிறது. மொத்தம் 129 கேள்விகள். வருடத்தின் 52 ஞாயிறுக்கும் பிரித்து வைத்திருப்பார்கள். உங்கள் கேள்விக்குப் பதில் 12ஆம் ஞாயிறுக்கான பாடத்தில் இருக்கிறது.

31ஆம் கேள்வி: அவரை ஏன் கிறிஸ்து, அதாவது அபிஷேகம் பெற்றவர், என்கிறோம்? பதிலின் சாரம் இது. அவர் நமக்குத் தேவனுடைய சித்தத்தை முழுசாக வெளிப்படுத்துகிற தலைமைத் தீர்க்கதரிசி. தம் சரீரத்தை ஒரே பலியாகக் கொடுத்து நமக்காக இன்னமும் வேண்டுதல் செய்கிற ஒரே பிரதான ஆசாரியர். வார்த்தையாலும் ஆவியாலும் நம்மை ஆண்டு காக்கிற நித்திய ராஜா.

எல்லோரும் இங்கே நிறுத்திவிடுவார்கள். அடுத்த கேள்விதான் உங்களுக்கு வேண்டியது. 32: உன்னை ஏன் கிறிஸ்தவன் என்கிறார்கள்? விசுவாசத்தினால் நான் கிறிஸ்துவின் அவயவம், அவருடைய அபிஷேகத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று ஆரம்பிக்கிறது அந்தப் பதில். அவருடைய நாமத்தை அறிக்கையிடுவது, என்னையே ஸ்தோத்திர பலியாக ஒப்புக்கொடுப்பது, பாவத்தோடும் பிசாசோடும் சுதந்தரமான மனச்சாட்சியோடு போராடுவது, பிற்பாடு அவரோடே என்றென்றும் அரசாளுவது.

அங்கே "நான்" என்று பேசுகிறவன் யார் என்று பாருங்கள். உபதேச வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பையனோ பெண்ணோதான். பாதிரியார் இல்லை. அபிஷேகம் இறங்கி வருகிறது என்பதில் உங்கள் பாஸ்டர் சொன்னது சரி. எங்கே இறங்குகிறது என்பதில்தான் விஷயம்.

எழுப்புதல் தம்பி

பிரதர், ஞானோபதேசம் மனுஷர் எழுதியது. வேதத்தில் எபேசியர் 4:11 அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள், சுவிசேஷகர், மேய்ப்பர், போதகர் என்று தனித்தனியாகச் சொல்கிறது. எல்லோரும் தீர்க்கதரிசி என்றால் அந்த வசனம் எதற்கு? தாவீதைப் பாருங்கள். சவுல் எவ்வளவு மோசமானவனாக இருந்தும் "கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர்" என்று சொல்லிக் கைவைக்கவில்லை. அந்தப் பயம் இன்றைக்கு இல்லை என்பதே என் வருத்தம்.

பாளை வாசகன்

தாவீது சவுலைக் கொல்லவில்லை. சரி. ஆனால் 1 சாமுவேல் 24ஐக் கடைசி வரை வாசியுங்கள் தம்பி. சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்தெடுத்துக்கொண்டு, குகையை விட்டு வெளியே வந்து, அவன் பேர் சொல்லிக் கூப்பிடாமல் "ராஜாவாகிய என் ஆண்டவனே" என்று கூப்பிட்டு, அந்தத் துண்டைத் தூக்கிக் காட்டிக் கேட்கிறான். சவுலோடு வந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்கிறான். கைவைக்காமல் இருந்தான், கேட்காமல் இருக்கவில்லை.

சங்கீதம் 105க்கும் முன்வசனம் ஒன்று இருக்கிறது. அந்த "அபிஷேகம்பண்ணினவர்கள்" ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. சொந்தமாக நிலமில்லாமல் ஊர் ஊராகத் திரிந்தவர்கள். 14ஆம் வசனத்தில் அவர்கள் நிமித்தம் கர்த்தர் "ராஜாக்களைக் கடிந்துகொண்டு" சொன்ன வார்த்தைதான் 15. அதிகாரத்தில் இருக்கிறவனைப் பார்த்துச் சொன்ன எச்சரிப்பை, அதிகாரத்தில் இருக்கிறவரே கையில் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது!

ஏன்_எதற்கு

நான் கோவிலுக்குப் போவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது, ஆனாலும் இந்த இழையை விடமுடியவில்லை. ஒரு அடிப்படைக் கேள்வி. இந்த மூன்று உத்தியோகப் பட்டியலே பிற்காலத்து ஒட்டுவேலை இல்லையா? இயேசு யூதா கோத்திரம். ஆசாரியர்கள் வருகிற லேவி கோத்திரம் இல்லை. ஆலயத்தில் ஒரு நாளும் பலி செலுத்தியதில்லை. ஜெர்மன் இறையியலர் பன்னென்பெர்க் 1964இல் எழுதிய கிறிஸ்தியல் நூலிலேயே இந்தத் திட்டத்தை விமர்சித்திருக்கிறார். சீர்திருத்தவாதி கால்வின் தன் இறையியல் நூலின் 1559 பதிப்பில் ஒரு அதிகாரம் ஒதுக்கி ஒழுங்கு பண்ணினார், அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஓடுகிறார்கள்.

மறைக்கல்வி டீச்சர்

உள்ளே வரலாமா? நான் கத்தோலிக்கப் பள்ளியில் மறைக்கல்வி எடுப்பவள். நாங்கள் குரு, இறைவாக்கினர், அரசர் என்போம், விஷயம் ஒன்றுதான்.

ஏன்_எதற்கு தம்பி, கால்வினுக்கு ஆயிரத்து இருநூறு வருஷம் முன்னாலேயே செசரியா ஆயர் யூசேபியுஸ் தம்முடைய திருச்சபை வரலாற்றின் முதல் புத்தகத்தில் இந்த மூன்றையும் சேர்த்தே எழுதுகிறார். பழைய ஏற்பாட்டில் எண்ணெய் பூசப்பட்ட குருக்களும் அரசர்களும் இறைவாக்கினர்களும் கிறிஸ்துவுக்கு முன்னடையாளம் என்கிறார். நான்காம் நூற்றாண்டின் கடைசியில் யோவான் கிறிசோஸ்தோம் கொரிந்தியர் இரண்டாம் திருமுகத்துக்குச் சொன்ன மறையுரையில், திருமுழுக்குத் தொட்டியில் நீயும் அரசனும் குருவும் இறைவாக்கினனும் ஆகிறாய் என்கிறார். அதாவது விசுவாசிகளுக்குப் பங்கு உண்டு என்பது புராட்டஸ்டன்ட் கண்டுபிடிப்பு இல்லை (பாளை ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது).

எங்கள் திருமுழுக்குச் சடங்கில் தண்ணீர் ஊற்றியதும் குழந்தையின் உச்சந்தலையில் கிறிஸ்மா தைலம் பூசுவார்கள். அப்போது சொல்லும் மன்றாட்டிலேயே கிறிஸ்து குருவாகவும் இறைவாக்கினராகவும் அரசராகவும் அருள்பொழிவு பெற்றது போல என்று வரும். அந்தக் குழந்தைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூடத் தெரியாது. அம்மா பால் கறையைத் துடைக்கிற அதே துண்டால் அந்த எண்ணெயையும் துடைத்துவிடுவாள். நான் வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் தங்கள் தலையைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருச்சபை பற்றிய ஏடு, 1964இல் வந்தது, பொதுநிலையினருக்கு இந்த மூன்றிலும் பங்கு உண்டு என்கிறது. அதே ஏடு ஆயர்களுக்குக் கற்பித்தல், புனிதப்படுத்துதல், ஆளுதல் என்ற மூன்று பணியையும் தனி முறையில் கொடுக்கிறது. திருமுழுக்குப் பெற்ற எல்லோருக்கும் உள்ள பொதுக் குருத்துவம் வேறு, திருநிலை பெற்றவர்களுக்கு உள்ள பணிக் குருத்துவம் வேறு என்பது எங்கள் போதனை. ஆகவே ஊழியருக்கு இதில் தனிப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

கணக்குப்பிள்ளை_77

அக்கா, அப்படியானால் எங்கள் பாஸ்டர் சொன்னது கத்தோலிக்கப் போதனைக்குப் பக்கத்தில் வருகிறதா? அவரிடம் சொன்னால் மயங்கி விழுந்துவிடுவார்.

மறைக்கல்வி டீச்சர்

வரவில்லை தம்பி. பணிக் குருத்துவம் பொதுக் குருத்துவத்துக்கு வேலை செய்வதற்காகக் கொடுக்கப்பட்டது, அதை வாயடைப்பதற்காக அல்ல. கணக்கு என்று வந்தால் எங்கள் 1983 திருச்சபைச் சட்டம் 537ஆம் எண்ணில் ஒவ்வொரு பங்குக் கோவிலிலும் நிதிக்குழு இருந்தே ஆகவேண்டும் என்கிறது. எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்காதீர்கள். ஆனால் சட்டம் இருக்கிறது.

தரங்கை பேரன்

நாங்கள் லுத்தரன். எங்கள் சின்ன ஞானோபதேசத்தில் இந்த மூன்றுக்கும் தனிப் பட்டியல் கிடையாது. "என் ஆண்டவர், என்னை மீட்டவர், அவருடைய ராஜ்யத்தில் அவருக்குக் கீழாகப் பிழைத்து" என்று விசுவாசப் பிரமாணத்தின் இரண்டாம் பகுதிக்கான விளக்கத்திலேயே ஓடிவிடும். 1520இல் லுத்தர் கிறிஸ்தவனுடைய சுயாதீனத்தைப் பற்றி எழுதியபோதும் ராஜா, ஆசாரியர் என்ற இரண்டைத்தான் விசுவாசிக்குக் கொடுக்கிறார். அவர் அங்கே சொல்லும் ராஜரீகம் விசித்திரமானது. எல்லாவற்றுக்கும் மேலானவன், ஒருவனுக்கும் அடிமையல்ல. அடுத்த மூச்சிலேயே எல்லோருக்கும் ஊழியக்காரன், எல்லோருக்கும் கீழ்ப்பட்டவன்.

நான் சொல்ல வந்தது வேறு. பழைய ஏற்பாட்டில் இந்த மூன்றும் ஏன் பிரிந்து கிடக்கிறது என்று யாராவது யோசித்தீர்களா? அங்கேதான் கணக்குப்பிள்ளையின் பதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

2 நாளாகமம் 26. உசியா நல்ல ராஜா. 16 வயதில் பட்டத்துக்கு வந்து 52 வருஷம் ஆண்டவன். கோபுரம் கட்டினான், கிணறு வெட்டினான், வேளாண்மையில் பிரியமுள்ளவன் என்றுகூட எழுதியிருக்கிறது. பலப்பட்டதும் மனம் மேட்டிமையாகி, தூபம் காட்டத் தூபகலசத்தை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குள்ளே போகிறான். அசரியா என்ற ஆசாரியனும் அவனோடே 80 ஆசாரியரும் பின்னாலேயே போய் வழிமறிக்கிறார்கள். ராஜாவை! "உசியாவே, தூபங்காட்டுகிறது உமக்கு அடுத்ததல்ல" என்று நேருக்கு நேர். கலசம் கையிலிருக்க, கோபத்தில் அவன் கத்தும்போதே நெற்றியில் குஷ்டம் தோன்றுகிறது.

நெற்றி. பிரதான ஆசாரியன் "கர்த்தருக்குப் பரிசுத்தம்" என்று வெட்டின பொன் தகட்டைக் கட்டுகிற அதே இடம் (யாத்திராகமம் 28). வேதம் அந்தத் தொடர்பைச் சொல்லவில்லை, நான்தான் சேர்த்து வாசிக்கிறேன். ஆனால் அதை ஒருமுறை கண்டபிறகு மறக்க முடியவில்லை.

சவுலுக்கும் அதே கதை. கில்காலில் சாமுவேல் வரத் தாமதமாகிறது, ஜனம் கலைந்துபோகிறது, தானே பலியிடுகிறான், ராஜ்யம் போகிறது. ராஜா ஆசாரியனாகக் கூடாது. ராஜா தப்பு செய்தால் நாத்தான் என்ற தீர்க்கதரிசி வந்து "நீயே அந்த மனுஷன்" என்று சொல்ல வேண்டும். ராஜாவே தீர்க்கதரிசியாகவும் இருந்துவிட்டால் அதை யார் சொல்வது?

ஏன்_எதற்கு

இது சுவாரசியம். நீங்கள் சொல்வதை வரலாற்றிலும் பார்க்கலாம். இயேசுவுக்கு முன்னால் யூதேயாவை ஆண்ட மக்கபேயர் வம்சம் ஆட்சி, ஆசாரியத்துவம் என்ற இரண்டு பதவியையும் ஒன்றாகச் சேர்த்தது. அதில் யோவான் ஹிர்க்கானு (கி.மு. 134–104) ஆட்சி, பிரதான ஆசாரியத்துவம், தீர்க்கதரிசனம் மூன்றையும் உடையவராக இருந்தார் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். அப்படியே இந்தப் பட்டியல். அவருடைய மகன் அலெக்சாந்தர் யன்னேயு ராஜாவாகவும் பிரதான ஆசாரியனாகவும் இருந்து, கூடாரப் பண்டிகையில் பலிபீடத்தின் அருகே நின்றபோது, ஜனங்கள் கையில் பண்டிகைக்காக வைத்திருந்த நார்த்தங்காய் போன்ற பழங்களை அவர்மேல் வீசினார்கள். பதிலுக்கு அவர் ஏறக்குறைய 6,000 பேரைக் கொன்றார் என்பதும் யோசேப்பஸ்தான். பழம் எறிந்ததற்கு.

சவக்கடல் அருகே ஒரு பழைய யூதச் சமூகம் விட்டுப்போன கும்ரான் சுருள்களில், 1947 வாக்கில் கிடைத்த முதல் தொகுதியிலேயே உள்ள சமூக ஒழுங்குச் சுருள், தீர்க்கதரிசியும் ஆரோனின் மேசியாவும் இஸ்ரவேலின் மேசியாவும் வரும்வரை என்கிறது. மூன்று பேர். ஒரே ஆள் இல்லை. யன்னேயு மாதிரி ஆட்களைப் பார்த்தவர்கள் அப்படித்தானே எதிர்பார்ப்பார்கள்?

மறைக்கல்வி டீச்சர்

எங்கள் பைபிளில் இருந்து ஒரு சாட்சி. மக்கபேயர் முதல் புத்தகம் 14:41. சீமோனைத் தலைவராகவும் தலைமைக் குருவாகவும் மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள், ஆனால் நம்பத்தக்க இறைவாக்கினர் ஒருவர் தோன்றும்வரை என்று ஒரு நிபந்தனை போடுகிறார்கள். பதவி கொடுக்கும்போதே கதவை முழுசாகச் சாத்தாமல் வைக்கிறார்கள். ஹிர்க்கானு அந்த சீமோனின் மகன் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தகப்பனுக்குப் போட்ட நிபந்தனை மகன் காலத்தில் எங்கே போனது?

எழுப்புதல் தம்பி

அண்ணே, பிரிந்தே இருந்தது என்று சொல்லிவிட முடியாதே. மெல்கிசேதேக்கு சாலேமின் ராஜா, தேவனுடைய ஆசாரியன். தாவீது ஆசாரியர் உடையான சணல்நூல் ஏபோத்தைத் தரித்து உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்பாக ஆடினார், பலியிட்டார். சாமுவேல் நியாயாதிபதி, தீர்க்கதரிசி, பலியும் செலுத்தினார். மூன்றும் ஒரே ஆளிடம் இருந்ததே!

தரங்கை பேரன்

நல்ல கேள்வி தம்பி, சாமுவேல்தான் இருப்பதிலேயே கிட்டே வருகிறார். அவர் என்ன செய்கிறார்? 1 சாமுவேல் 12. வயதாகி, பொறுப்பை விட்டு இறங்கும் நாளில், ராஜாவுக்கு முன்பாகவும் சகல ஜனத்துக்கு முன்பாகவும் நின்று, யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யாருக்கு அநியாயஞ்செய்தேன், யார் கையில் பரிதானம் வாங்கினேன், சொல்லுங்கள், திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறார். எருது, கழுதை என்று பொருள்வாரியாக. மூன்று அபிஷேகத்துக்கும் கிட்டே போன மனிதர் கேட்கப்படாமலே கணக்கு ஒப்புவிக்கிறார்.

பவுலையும் பாருங்கள். எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைத் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட அனுப்புகிறார். இந்தத் தொகை விஷயத்தில் ஒருவரும் எங்களைக் குற்றப்படுத்தக் கூடாது என்று காரணமும் எழுதிவைக்கிறார். 2 கொரிந்தியர் 8:20, 21.

மெல்கிசேதேக்கு பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. எபிரெயர் 7 அதைத்தான் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அந்த நிருபம் அவரைக் கிறிஸ்துவுக்கு மட்டும் ஒப்பிடுகிறது. மெல்கிசேதேக்கின் முறைமையில் இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் என்று வரிசை போகவில்லை. இவர் என்றென்றைக்கும் இருக்கிறபடியால் இவருடைய ஆசாரியத்துவம் வேறொருவருக்கு மாறிப்போகாதது என்கிறது 24ஆம் வசனம். உயிரோடிருக்கிறவருடைய பதவிக்கு வாரிசு எதற்கு?

எழுப்புதல் தம்பி

சாமுவேல் 12 சரி, ஏற்கிறேன். ஆனாலும் தீர்க்கதரிசன வரம் இன்றைக்கும் உண்டு என்பதில் நான் அசையமாட்டேன்.

பாளை வாசகன்

அசைய வேண்டாம். அகபு என்ற தீர்க்கதரிசி இருந்தார், பிலிப்புவின் நான்கு குமாரத்திகளும் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். ஆனால் 1 கொரிந்தியர் 14:29இல் தீர்க்கதரிசி பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்று இருக்கிறது. மேடையில் பேசுகிறவருக்கு வரம் இருந்தால், கீழே உட்கார்ந்து நிதானிக்கிறவர்களுக்கும் அதே ஆவியினால்தான் அந்த வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது. நிதானிப்பதைக் கலகம் என்று சொன்னால் அந்த வசனத்துக்கு என்ன வேலை?

ஏன்_எதற்கு

என் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. இயேசு பூமியில் இருந்தபோது ஆசாரியர் இல்லை. ஆமா, இல்லையா?

பாளை வாசகன்

ஆமா. எபிரெயர் நிருபமே அதைச் சொல்லிவிட்டது: பூமியிலே இருப்பாரானால் ஆசாரியராயிருக்கமாட்டார் (8:4). நம் கர்த்தர் யூதாவில் தோன்றினார், அந்தக் கோத்திரத்தைக் குறித்து மோசே ஆசாரியத்துவம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று 7:14இல் அதுவே ஒப்புக்கொள்கிறது. ஆட்சேபணையை மறைக்காமல், அதன்மேலேயே நின்று வாதாடுகிற நிருபம் அது. வம்ச முறைப்படி ஆசாரியர் இல்லை, அழியாத ஜீவனின் வல்லமைப்படி ஆசாரியர்.

10ஆம் அதிகாரத்தில் ஒரு சின்ன விவரம். மற்ற ஆசாரியர்கள் நாள்தோறும் நின்றுகொண்டு ஒரே விதமான பலிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்துகிறார்கள். இவர் ஒரே பலியைச் செலுத்தி உட்கார்ந்தார். யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்துச் சாமான் பட்டியலை எடுத்துப் பாருங்கள். சமுகத்தப்ப மேஜை இருக்கிறது, குத்துவிளக்கு, தூபபீடம், தண்ணீர்த் தொட்டி, பலிபீடம், பெட்டி, அதன்மேல் கிருபாசனம். ஆசாரியன் உட்கார ஒரு முக்காலிகூடக் கிடையாது. கிருபாசனம் கர்த்தருடையது. வேலை முடியாதவனுக்கு எதற்கு நாற்காலி! சகரியா 6:13இல் சிங்காசனத்தின்மேல் ஆசாரியராயும் இருப்பார் என்று ஒருவரைக் காட்டுவது இதனால்தான் அவ்வளவு புதுசு.

உட்கார்ந்தவர் சும்மா இருக்கிறார் என்று அர்த்தமில்லை. "அவர்களுக்காக வேண்டுதல்செய்யும்படிக்கு அவர் எப்பொழுதும் உயிரோடிருக்கிறவர்." பலி முடிந்தது, பரிந்துபேசுவது முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபிக்க வாய் வராமல் நின்றவர்களுக்கு இந்த உபதேசம் எங்கே உதவுகிறது என்று தெரியும். நான் ஜெபிக்க முடியாத நேரத்திலும் என் பெயர் அங்கே சொல்லப்படுகிறது. மூன்று உத்தியோகத்தில் எதை விட்டாலும் இதை நான் விடமாட்டேன்.

தரங்கை பேரன்

ஐயா சொன்னதோடு பாடுகளின் கதையையும் சேர்க்க வேண்டும். மாற்கு 14இல் பிரதான ஆசாரியன் வீட்டில் இயேசுவின் முகத்தை மூடி, குட்டி, "தீர்க்கதரிசனஞ்சொல்" என்று பரியாசம் பண்ணுகிறார்கள். அதே நேரம் கீழே முற்றத்தில் பேதுரு மறுதலித்துக்கொண்டிருக்கிறார், சேவல் கூவுகிறது. அவர் சொன்ன தீர்க்கதரிசனம் மாடிப்படிக்குக் கீழேயே நிறைவேறிக்கொண்டிருக்கும்போதுதான் மேலே, சொல் பார்ப்போம் என்று அடிக்கிறார்கள். அடுத்த அதிகாரத்தில் போர்ச்சேவகர் சிவப்பங்கியும் முள்முடியும் வைத்து ராஜா என்று வணங்குகிறார்கள். அப்புறம் சிலுவையடியில் பிரதான ஆசாரியரே, மற்றவர்களை ரட்சித்தான், தன்னை ரட்சித்துக்கொள்ள முடியவில்லை என்கிறார்கள். ஆசாரியனுடைய வேலைக்கு இதைவிடச் சரியான விளக்கம் கிடைக்காது. அதையும் எதிராளி வாயாலேயே.

மூன்று பட்டமும் அவருக்குக் கேலியாகத்தான் சூட்டப்பட்டது. யோவான் 6இல் அப்பம் தின்ற ஜனங்கள் "தீர்க்கதரிசி" என்று சொல்லி, பிடித்து ராஜாவாக்கப் பார்த்தபோது, விலகித் தனியே மலைமேல் ஏறினார். மரியாதையோடு வந்த பட்டத்தை வேண்டாம் என்றவர் அவர். அந்தப் பட்டங்களை இன்றைக்கு போஸ்டரில் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வேதவசனத்தைவிட அச்சகத்துக்காரன் ஞாபகம்தான் வருகிறது.

ஏன்_எதற்கு

மாற்குவில் நீங்கள் காட்டியது பலமான வாசிப்பு. ஆனால் மாற்குவின் மனதில் "மூன்று உத்தியோகம்" என்ற சட்டகம் இருந்ததாக நான் ஏற்கவில்லை. ஆசாரியப் பகுதியை நீங்கள் உள்ளே வைக்கிறீர்கள்.

தரங்கை பேரன்

இருக்கலாம். சட்டகம் மாற்குவுடையது என்று நான் சொல்லவில்லை. மாற்கு சொன்னதை அந்தச் சட்டகம் தாங்குகிறது என்கிறேன். அது இல்லாவிட்டால் சிலர் அவரைப் போதகராக மட்டும் வைத்துக்கொள்வார்கள், சிலர் பலியாக மட்டும், சிலர் ஜெயம் கொடுக்கிற ராஜாவாக மட்டும். எந்தச் சபையில் எது குறைகிறது என்பது அங்கே பாடுகிற பாட்டுகளைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

மறைக்கல்வி டீச்சர்

அரசர் பக்கம் யாரும் அதிகம் பேசவில்லை. கிறிஸ்து அரசர் பெருவிழாவைத் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் 1925இல் ஏற்படுத்தினார். முதல் உலகப் போர் முடிந்து, முடியாட்சிகள் சரிந்து, இத்தாலியில் முசோலினி ஆட்சிக்கு வந்திருந்த காலம். அரசியல் தலைவர்கள் முழு விசுவாசத்தையும் தங்களுக்கே கேட்டுக்கொண்டிருந்தபோது வந்த விழா. இப்போது திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறு கொண்டாடுகிறோம். மூன்றாண்டு வாசகச் சுழற்சியில் ஒரு ஆண்டு பிலாத்துவின் முன் விசாரணை, ஒரு ஆண்டு சிலுவையில் தொங்கும் கள்வன், ஒரு ஆண்டு பசியாயிருந்தேன் என்கிற மத்தேயு 25. அரசர் விழாவுக்குச் சிங்காசன வாசகமாகத் தேடியும் இதுதான் கிடைத்தது போலிருக்கிறது.

கணக்குப்பிள்ளை தம்பி, உங்கள் கேள்விக்குத் திரும்பலாமா? உங்களுக்கு மூன்றிலும் பங்கு என்றால் உங்கள் கமிட்டியில் அது எப்படி இருக்கும்?

கணக்குப்பிள்ளை_77

அதைத்தான் எழுதவேண்டும் என்று நினைத்தேன் அக்கா. பாளை ஐயா காட்டிய 32ஆம் கேள்வியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ராஜா பங்கு. மற்றவர்களை ஆளுவது என்று ஒரு வார்த்தை இல்லை. இந்த ஜீவனில் ராஜரீகம் என்பது என் சொந்தப் பாவத்தோடு சண்டை. ஆளுவதெல்லாம் மறுமைக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அப்படிப் பார்த்தால் "நாங்களும் ராஜரீகமான ஆசாரியக்கூட்டம்தான், நாங்கள் கேட்டால் நீங்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும்" என்று நாங்கள் பாஸ்டருக்கு எதிராக மார்தட்டுவதும் சரியில்லை. கமிட்டியில் ஒருவர் அந்தத் தொனியில் வாட்ஸ்அப் குழுவில் எழுதியும் விட்டார்.

பாளை வாசகன்

மார்தட்ட வேண்டாம், ஆனால் கேட்பதை நிறுத்தவும் வேண்டாம் தம்பி. அசரியாவும் 80 பேரும் ராஜாவை அடிக்கவில்லை, வழியில் நின்றார்கள். கேள்வியை எழுத்தில் கொடுங்கள், தேதி போடுங்கள், ஊருக்கெல்லாம் பரப்பாதீர்கள். ஆசாரியப் பங்கையும் மறக்காதீர்கள்: அந்தப் பாஸ்டருக்காகக் கமிட்டி கூடி ஜெபித்து எவ்வளவு காலம் ஆகிறது? நிஜமாகவே கேட்கிறேன். கணக்கு கேட்க இரண்டு பேர் கிடைக்கிறார்கள், அவர் பேரைச் சொல்லி ஜெபிக்க எத்தனை பேர்?

எழுப்புதல் தம்பி

இதற்கு மட்டும் ஆமென் ஐயா.

மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. இரண்டு பதிவுகளில் குறிப்பிட்ட ஊழியர்களின் பெயர்கள் வந்திருந்தன, நீக்கியிருக்கிறேன். உபதேசத்தோடு நிற்கவும்.

கணக்குப்பிள்ளை_77

எழுத்தில் கொடுத்துவிட்டோம், ஐந்து பேர் கையெழுத்து. இன்னும் பதில் வரவில்லை.

இன்னொரு உதவி. வாலிபர் வேதபாட வகுப்பு இந்த மாதம் என் பொறுப்பு. இந்த மூன்றையும் எடுக்கலாம் என்று இருக்கிறேன். எந்த வரிசையில் ஆரம்பிப்பது? கால்வின் தீர்க்கதரிசி, ராஜா, ஆசாரியர் என்று போகிறார், ஹைடெல்பர்க் ஆசாரியரை நடுவில் வைக்கிறது.

மறைக்கல்வி டீச்சர்

வரிசையை விடுங்கள், கதையில் ஆரம்பியுங்கள். முதல் வாரம் உசியா. பிள்ளைகள் தூபகலசத்தையும் நெற்றியையும் மறக்கமாட்டார்கள். அடுத்த வாரம் எசாயா 6. அது "உசியா ராஜா மரணமடைந்த வருஷத்தில்" என்றுதானே தொடங்குகிறது? உயரமான சிங்காசனம், பலிபீடத்து நெருப்புத்தழல், அனுப்பப்படும் இறைவாக்கினர், மூன்றும் ஒரே காட்சியில். நீங்கள் விளக்காமலே அவர்கள் கண்டுபிடிப்பார்கள். எபிரெயருக்கு அதன்பிறகு போங்கள். அந்த நாற்காலி விஷயத்தை ஐயாவிடம் கடன் வாங்கிக்கொள்ளலாம். 32ஆம் கேள்வியை ஒப்பிக்கச் சொல்லாமல், அவரவர் வீடு, கல்லூரி, வேலையிடம் என்று வைத்து மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை_77

சரி அக்கா, இந்த ஞாயிறு 2 நாளாகமம் 26. வகுப்புக்குப் பாஸ்டரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.